செர்மாட்டில் ஒரு பகல் போதாது

சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்கு வருகிறவர்கள் மேட்டர்ஹார்ன் மலைக்காகவே வருகிறார்கள். அப்படி வந்தும் அதைக் காணாமல் திரும்புவதற்கு முதல் காரணம், காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் கிளம்பும் திட்டம்தான். 4478 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் துணையில்லாமல் தனித்து நிற்கிறது. சுற்றிலும் வானம் தெளிந்திருக்கும்போதுகூட அதன் தலையில் மட்டும் ஒரு மேகம் கொடிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் பகல் ஏற ஏற மேகமும் கூடும். ஆகவே இரண்டு இரவாவது தங்குங்கள். விடியலில் உச்சி மட்டும் முதலில் சிவந்து, அந்தச் சிவப்பு மெல்லக் கீழே வழிந்து வருவதைப் பார்ப்பதற்கே அந்தச் செலவு தகும்.

காரை ஊருக்குள் கொண்டுபோகலாம் என்று எண்ணி வராதீர்கள். பெட்ரோல், டீசல் கார்களுக்கு அங்கே அனுமதி இல்லை. 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும்.

மலை ரயிலுக்கும் கேபிள் காருக்கும் கட்டணம் அதிகம். மேலே மூட்டமா வெளிச்சமா என்று அறியாமல் டிக்கெட் எடுப்பது வீண் செலவு. மலைமேல் உள்ள கேமராக்களின் நேரடிக் காட்சியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

எங்கே ஏறுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். மிக உயரமான இடம்தான் மிக நல்ல இடம் என்று எண்ணி, வந்த அன்றே 3883 மீட்டர் உயரத்திலுள்ள கிளைன் மேட்டர்ஹார்ன் என்ற வேறொரு சிகரத்துக்குக் கேபிள் காரில் போய்விடுகிறார்கள். ஊரோ சுமார் 1600 மீட்டரில் இருக்கிறது. உடல் பழகுவதற்குள் அவ்வளவு உயரம் போனால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரக்கூடும். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் முதல் நாள் அது வேண்டாம். என் தேர்வு 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பற்சக்கர ரயில். ஏறும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள்.

அந்த ரயிலில் 3089 மீட்டர் உச்சிவரை போய், படம் எடுத்து, அதே ரயிலில் இறங்கிவிடுவது எனக்கு மனம் பொறுக்காத தவறு. திரும்பும்போது ரோட்டன்போடன் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் கீழே நடந்தால் ரிஃபெல்சே என்ற சிறு ஏரி. காற்றில்லாத காலையில் மலை முழுதும் அதில் தலைகீழாகக் கிடக்கும். லேசாகக் காற்று வீசினாலும் பிம்பம் கலைந்துவிடும். அதனால் முதல் ரயில்களிலேயே போய்விடுங்கள். ஜூன் மாதத்திலும் அங்கே பனி கிடக்கலாம், ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

ஊரை வெறும் ரயில் நிலையமாகக் கருதிக் கடந்துவிடாதீர்கள். ஹின்டர்டார்ஃப் தெருவில் வெயிலில் கறுத்த மரக் களஞ்சியங்கள் கட்டைக் கால்களில் நிற்கின்றன. ஒவ்வொரு காலின் மேலும் வட்டமான கல் பலகை ஒன்று. எலி ஏறித் தானியத்தைத் தொடாமலிருக்கச் செய்த ஏற்பாடு. தேவாலயத்தின் அருகே மலையில் மாண்டவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. 1865 ஜூலை 14 அன்று ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் குழுவினர் ஏழு பேர் முதன்முதலாக மேட்டர்ஹார்ன் உச்சியைத் தொட்டார்கள். இறங்கும் வழியில் ஒருவர் சறுக்க, கயிறு அறுந்து நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தக் கயிறு ஊர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால், பிரிந்த நுனியோடு இருக்கிறது. மெல்லிய கயிறு.