ஷாங்காயின் தேம்ஸ் டவுன்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

“இவ்வளவுதானா?”

ஷாங்காயின் புறநகரில் இங்கிலாந்துச் சாயலில் கட்டிய தேம்ஸ் டவுனைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. கைப்பேசியில் பார்த்த தேவாலயக் கோபுரமும் கல் பாவிய தெருவும் சிவப்பு டெலிபோன் கூண்டும் நேரிலும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி ஏதோ ஒரு கேளிக்கைப் பூங்காவை எதிர்பார்த்துப் போவதுதான் முதல் தவறு.

அது ஒரு குடியிருப்பு. 2001இல் ஷாங்காய் நகர நிர்வாகம் ‘ஒரு நகரம், ஒன்பது சிற்றூர்கள்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நகர நெரிசலைக் குறைக்கப் புறநகரில் ஊர்கள் அமைப்பது, அவற்றில் பலவற்றை வெவ்வேறு ஐரோப்பிய நாட்டுச் சாயலில் கட்டுவது என்பது ஏற்பாடு. தேம்ஸ் டவுன் இருக்கும் சோங்ஜியாங் மாவட்டத்துக்கு இங்கிலாந்து வாய்த்தது. அட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வடிவமைக்க, 2006இல் கட்டி முடித்தார்கள். பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். பத்தாயிரம் பேர் வாழலாம் என்பது கணக்கு. வீடுகள் விற்றுவிட்டன. ஆனால் பலரும் முதலீட்டுக்காகவே வாங்கியதால் குடிவரவில்லை. படங்களில் நாம் ரசிக்கும் அமைதி அப்படி வந்ததுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது. சவாரியும் கிடையாது, வேடிக்கை நிகழ்ச்சியும் கிடையாது. இரண்டு அல்லது மூன்று மணி நேரம் நிதானமாக நடக்கலாம், அவ்வளவுதான். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அதே தெரு வேறு மாதிரித் தெரியும். அந்தத் தேவாலயம் பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டனில் உள்ள கிறைஸ்ட் சர்ச்சைப் பார்த்துக் கட்டியது. மதுக்கடை ஒன்றும் அதன் பக்கத்து மீன் வறுவல் கடையும் டார்செட் கடற்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரிலிருந்து அப்படியே நகலெடுத்தவை. அசல் கடைக்காரருக்கு இது பிறகுதான் தெரியவந்தது. அவர் மகிழவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. டியூடர் காலத்து மரச்சட்ட வீடுகளிலிருந்து விக்டோரியா காலத்துச் செங்கல் கிடங்குகள் வரை பல நூற்றாண்டுகளை ஒரு நடையில் கடந்துவிடலாம். சர்ச்சிலுக்குச் சிலை உண்டு. இவை எதையும் அறியாமல் தற்படம் மட்டும் எடுத்துத் திரும்புகிறவருக்கு அது வெறும் திரைச்சீலைதான்.

வழியில் நடக்கும் தவறுகள்தான் அதிகம் படுத்துகின்றன. மெட்ரோ 9ஆம் தடத்தில் போக வேண்டும். நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அந்தத் தடத்தில் சோங்ஜியாங் என்று தொடங்கும் நிலையங்கள் பல இருப்பதால், பெயரின் முற்பாதியை மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இறங்க வேண்டியது ‘சோங்ஜியாங் ஷின்செங்’. இறங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று எண்ணி நடக்கத் தொடங்குவது அடுத்த தவறு. இன்னும் சில கிலோமீட்டர் இருக்கிறது. பஸ்ஸோ டாக்சியோ வேண்டும். ஓட்டுநரிடம் ‘தேம்ஸ் டவுன்’ என்றால் பெரும்பாலும் புரியாது. சீனப் பெயர் ‘தைவூஷி ஷியாவ்ஜென்’. நம் உச்சரிப்பை நம்புவதைவிட, சீன எழுத்தில் அந்தப் பெயரைக் கைப்பேசியில் சேமித்துக் காட்டுவதே மேல்.

கைப்பேசி என்றதும் இன்னொன்று. கூகுள் வரைபடமும் வாட்ஸ்அப்பும் சீனாவின் சாதாரண இணைப்பில் இயங்கா. ரோமிங் வசதியை ஊரிலிருந்தே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ரோமிங்கில் கூகுள் வரைபடம் திறந்தாலும், சீனா தன் வரைபடங்களில் இடத்தைக் குறிக்கத் தனி ஆயத்தொலைவு முறையை வைத்திருப்பதால் புள்ளி சற்றுத் தள்ளி விழும். ஏரிக்கரையில் நிற்கும் உங்களை அது ஏரிக்குள் காட்டினால் வியக்காதீர்கள். அங்குள்ளவர்கள் பயன்படுத்தும் அமாப் என்ற வரைபடச் செயலி சரியாகக் காட்டும். அலிப்பே என்ற பணம் செலுத்தும் செயலியில் நம் விசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துக்கொள்வதையும் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்; மெட்ரோ நிலைய வாசலில் அடையாளச் சரிபார்ப்புக்காகக் காத்து நிற்பது பெரும் எரிச்சல். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தியர்களும் இலங்கையரும் விசா எடுத்தாக வேண்டும். எவரானாலும் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

‘அமைதியான இடம்’ என்று படித்துவிட்டு மே 1 விடுமுறையிலோ சீனத் தேசிய தின விடுமுறை வரும் அக்டோபர் முதல் வாரத்திலோ போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவ்வளவு கூட்டம். வார இறுதியும் அப்படித்தான். வாரநாளில், காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள். காற்றில்லாத காலையில் ஏரியில் கட்டடங்களின் நிழல் கலையாமல் விழும். ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை நீளும் ‘பிளம் மழை’க் காலத்தில் வானம் நாள் கணக்கில் சாம்பல் நிறமாகவே கிடக்கும். இங்கிலாந்தின் சாயலுக்கு அது பொருத்தம்தான். கேமரா நனைவதுதான் பிரச்சினை.

வாரநாளிலும் மணமக்கள் இருப்பார்கள். திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு ஷாங்காய்க்காரர்கள் விரும்பிவரும் இடம் இது. தேவாலயத்தின் முன் ஒரு வெள்ளைக் கவுன் ஒதுங்கினால் அடுத்தது வந்து நிற்கும். அவர்கள் பணம் கட்டிக் கலைஞர்களை அழைத்து வந்திருக்கிறார்கள். நடுவே புகுவதும், கேட்காமல் மணப்பெண்ணைப் படமெடுப்பதும் அழகில்லை. ஐந்து நிமிடம் பொறுத்தால் இடம் காலியாகிவிடும். வின்ட்சர், கென்சிங்டன் என்றெல்லாம் பெயர் சூட்டிய வேலியிட்ட வீட்டுத் தொகுதிகளின் வாசலில் காவலர் நிறுத்தினால் வாதாட வேண்டாம். உள்ளே இருப்பவை மனிதர்கள் வாழும் வீடுகள்.

சைவ உணவுக்காரர்கள் வயிற்றுக்கு ஏதாவது கையில் எடுத்துப் போவது நல்லது. ‘வோ ச்சி சூ’, நான் சைவம், என்று சொல்லலாம். ஆனால் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு.

ஒரே நாளில் அன்டிங்கின் ஜெர்மன் ஊரையும் புஜியாங்கின் இத்தாலிய ஊரையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று வடமேற்கில், மற்றொன்று தென்கிழக்கில். நாள் முழுக்க ரயிலில்தான் கழியும். மீதிப் பொழுதுக்கு அதே 9ஆம் தடத்தில் சேஷான் போதும். நூறு மீட்டர் உயரக் குன்றின் உச்சியில், இயேசு சபையினர் 1935இல் கட்டி முடித்த மாதா பேராலயம் இருக்கிறது. இது நகல் இல்லை. நிலையத்தின் பெயரும் சேஷான் என்பதால் குன்று வாசலிலேயே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அங்கும் பஸ் பிடிக்க வேண்டும்.