உங்கள் பத்துப்பாட்டு: வருடக் கடைசியில் லிஸ்ட் போடுகிறவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் "லிஸ்ட் ரெடியா?" என்று ஆரம்பித்துவிடுவார். மொத்தம் ஒன்பது பேர். ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவனின் மனைவி, இன்னொருவனின் தங்கை, மட்டக்களப்பிலிருந்து ஒரு நண்பர், அப்புறம் யார் சேர்த்தார்கள் என்றே தெரியாத ஒரு சித்தப்பா. அந்த வருடம் வந்ததில் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டை ஆளுக்கு ஒரு லிஸ்டாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. பத்துப்பாட்டு என்றதும் திருமுருகாற்றுப்படை, நெடுநல்வாடை என்று கிளம்பிவிடாதீர்கள், இது சினிமாப் பாட்டு சமாச்சாரம்.

முதல் வருடம் படு சொதப்பல். ஒருத்தன் ராத்திரி பதினொரு மணிக்கு 43 லிங்க்கை வரிசையாகக் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். ஒருவரும் ஒன்றையும் திறக்கவில்லை. இன்னொருத்தர் போட்ட பத்தும் அந்த நவம்பரில் வந்த பாட்டு. சித்தப்பா போட்ட பத்தும் 1985க்கு முந்தியது. அதற்கப்புறம் அடித்துப் பிடித்து நாங்களே சில வழிமுறைகளைக் கண்டுபிடித்தோம், இப்போது ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. உங்கள் வீட்டிலோ நண்பர்களோடோ இதைச் செய்து பார்க்க நினைத்தால் இதில் பாதியாவது உதவும்.

முதலில் ஞாபக விஷயம். டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் தீபாவளிக்கு வந்த பாட்டுதான் வாயில் வரும். பொங்கலுக்கு வந்த பாட்டு, அதை நாம் ஜனவரி முழுக்க முணுமுணுத்திருப்போம், பல் தேய்க்கும்போதுகூடப் பாடியிருப்போம், ஆனால் பதினொரு மாதம் கழித்து சுத்தமாக நினைவுக்கு வராது. அதனால் ஜனவரியிலேயே போனில் ஒரு நோட்டைத் திறந்து, மாதம் முடியும்போது ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: பாட்டு, அதை எங்கே கேட்டீர்கள். "பிப்ரவரி, வழித்துணையே, கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்துப் பையன் போனில் திரும்பத் திரும்ப" என்பது என் 2025 நோட்டில் இருக்கிற ஒரு வரி. எங்கே கேட்டோம் என்பதைச் சும்மா எழுதச் சொல்லவில்லை, பின்னால் அதுதான் கை கொடுக்கப்போகிறது.

நோட்டெல்லாம் போடவில்லை, இப்போது டிசம்பர் 20 ஆகிவிட்டது என்றால்? தோண்டி எடுக்கலாம். யூடியூபில் லைக் போட்ட வீடியோக்கள் ஒரே பட்டியலாக இருக்கும், அதில் கீழே போய்க்கொண்டே இருங்கள். கடையிலோ கல்யாணத்திலோ கேட்ட பாட்டை ஷசாமில் பிடித்திருந்தால் அந்த ஆப்பிலேயே பட்டியல் இருக்கும். அப்புறம் காலண்டரை வைத்துக்கொண்டு பொங்கல், காதலர் தினம், கோடை விடுமுறை, ஆகஸ்ட் 15, ஆயுத பூஜை, தீபாவளி என்று ஒவ்வொன்றாக, அப்போது என்ன படம் வந்தது, எந்தப் பாட்டு ஆட்டோவில் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். யார் கல்யாணத்துக்குப் போனோம், அங்கே சாப்பாட்டுப் பந்தியில் செண்டைக்காரர்கள் எதை வாசித்துக் கொன்றார்கள் என்பது வரை ஞாபகம் வரும்.

வருடக் கடைசியில் ஆப்பே ஒரு கணக்குக் கொடுக்கிறதே, அதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினாலே ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் தானாக ஓடியதும், ஜிம்மில் ஓடியதும், அழுத கண்ணோடு ஒரே பாட்டை ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்டதும் அதற்கு ஒன்றுதான். என் வீட்டில் ஒரே கணக்கைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம், ஆகவே என் "வருடத்தின் முதல் பாட்டு" இரண்டு வருடமாக ஒரு காக்கா பாட்டு, மகள் அது இல்லாமல் சோறு சாப்பிட மாட்டாள். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்டது எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது, டிசம்பரில் வந்த பாட்டும் மாட்டாது. ஞாபகத்தைத் தூண்டிவிட வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மதிக்க வேண்டாம்.

எந்தப் பாட்டு எந்த வருடம்?

இங்கேதான் சண்டை வரும். தமிழில் பாட்டு ஒரு நாள் வருகிறது, படம் வேறொரு நாள் வருகிறது. கோல்டன் ஸ்பாரோ பாட்டு 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது, நிலவுக்கு என்மேல் என்னடி கோபம் படம் வந்ததோ 2025 பிப்ரவரியில். படம் வருவதற்குள் பாட்டு பழசாகி, ரீல்ஸில் தேய்ந்து, பள்ளி ஆண்டுவிழாவில் ஆடியும் முடித்துவிட்டார்கள். எங்கள் குழுவில் இதற்கு ஒரு டிசம்பர் முழுக்கச் சண்டை நடந்தது. கடைசியில் எடுத்த முடிவு: லிரிக் வீடியோ யூடியூபில் வந்த தேதிதான் பாட்டின் பிறந்த தேதி. டிசம்பர் 20க்கு மேல் வந்தால் அடுத்த வருடக் கணக்கு, ஏனென்றால் பத்து நாளில் ஒரு பாட்டை யாரும் சரியாகக் கேட்டிருக்க முடியாது. நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்னால் பேசி வைத்துவிடுங்கள்.

அடுத்த சிக்கல், மறுபடி முளைக்கிற பழைய பாட்டு. 2024ஐ எடுத்துக்கொண்டால் மஞ்ஞும்மல் பாய்ஸ் புண்ணியத்தில் 1991இல் வந்த குணாவின் கண்மணி அன்போடு காதலன் ஊரெல்லாம் கேட்டது. அதே வருடம் லப்பர் பந்து வந்து 1989 பொன்மனச் செல்வனின் நீ பொட்டு வச்ச தங்கக் குடம் பாட்டைத் தியேட்டரில் விசிலோடு கேட்க வைத்தது. 2025இல் டியூட் படத்தால் கருத்த மச்சான். அது 1991இல் வந்த புது நெல்லு புது நாத்து பாட்டு, அப்போது பிறக்காத பிள்ளைகள் இப்போது மனப்பாடமாகப் பாடுகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் அந்தந்த வருடத்தில் நான் அதிகம் கேட்டது இவற்றைத்தான். சேர்த்துக்கொண்டால் புதுப் பாட்டுக்கு இடமில்லை, விட்டுவிட்டால் பொய்க் கணக்கு. அதனால் பத்துக்கு வெளியே பதினோராவதாக ஒரு சீட், "பழசு" என்று. இந்த ஒரு சீட்டால் சித்தப்பா பிரச்சினையும் தீர்ந்தது. "ராஜா காலத்துல..." என்று அவர் ஆரம்பித்தாலே "அது பழசு சீட்டுல போடுங்க சித்தப்பா" என்று எல்லோரும் கோரஸாகச் சொல்லிவிடுவோம். போன வருடம் அவர் புதுப் பாட்டு எட்டு போட்டார், எங்களுக்கே ஆச்சரியம்.

மூன்றாவது, ஒரே பாட்டுக்கு இரண்டு குரல். தக் லைஃப் படத்தின் முத்த மழை தமிழில் பாடகி தீ பாடி வந்தது, இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடினார், அந்த மேடை வீடியோ தனியாக ஒரு சுற்று வந்தது. யார் பாடியது ஒசத்தி என்று வீட்டுக்கு வீடு பட்டிமன்றம். லிஸ்டில் இது ஒரு பாட்டு, ஒரு இடம்தான். ஆனால் எந்தக் குரலில் என்று எழுதிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் எதை நினைத்து உருகினீர்களோ அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டுவிட்டு "அப்படி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

அப்புறம் ஒரு படத்துக்கு இரண்டு பாட்டு, ஒரு இசையமைப்பாளருக்கு மூன்று பாட்டு, அதற்கு மேல் கிடையாது. இது இல்லாவிட்டால் சில பேர் லிஸ்ட் அனிருத் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி இருக்கும். சினிமா சாராத பாட்டு ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். 2024இல் சாய் அபயங்கரின் கட்சி சேர, ஆச கூட இரண்டும் எந்தப் படத்திலும் இல்லாமலேயே எல்லா ஊர் பஸ்ஸிலும் ஓடின, ஆகவே "சினிமாவுக்கு வெளியே எதுவும் என் காதுக்கு வருவதில்லை" என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. மட்டக்களப்பு நண்பர் போடுகிற தனிப்பாட்டுகள்தான் ஒவ்வொரு வருடமும் எனக்குப் புதிதாகக் கிடைப்பவை.

பத்தாகக் குறைப்பது

முதல் சுற்றில் முப்பது, நாற்பது வரும். வெட்டுவதற்கு நான் செய்வது: எல்லாவற்றையும் ஒரு பிளேலிஸ்டில் போட்டு, வீட்டு வேலை செய்துகொண்டே ஓட விடுவேன். கை ஈரமாக இருக்கும்போதும் போனைத் தொட்டுத் தள்ளிவிடத் தோன்றுகிற பாட்டு எது? அது போகலாம். பாத்திரத்தைப் போட்டுவிட்டு நிற்க வைப்பது எது? அது இருக்கட்டும். "ஊரே கொண்டாடியது, போடாவிட்டால் என்ன நினைப்பார்கள்" என்று ஒரு பாட்டு உள்ளே இருந்தால் முதலில் அதைத் தூக்குங்கள். ஊர் கொண்டாடியதை ஊர் பார்த்துக்கொள்ளும்.

எண்ணிக்கை ஏன் பத்து என்றால், இப்போதைய பாட்டுகள் மூன்றரை, நான்கு நிமிடம்தான். பத்தும் சேர்ந்து நாற்பது நிமிடத்துக்குள் வரும், தாம்பரத்தில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுப்போமே, 60 கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு பாட்டு போனதும் ஏழாவது பாட்டு சரணம் பாதியில் டேப் தீர்ந்து கிளிக்கென்று நிற்கும். அந்தப் பாட்டை இன்றைக்கு எங்கே கேட்டாலும் அதே இடத்தில் என் காது நின்றுவிடுகிறது. இடம் குறைவாக இருந்ததால்தான் அவ்வளவு யோசித்து எழுதினோம்.

வரிசையை 1, 2, 3 என்று மார்க் போடுவதற்காக வைக்காதீர்கள். நான்காவது பாட்டு ஐந்தாவதைவிட எப்படி ஒசத்தி என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்தடுத்துக் கேட்க எப்படி இருக்கிறது என்று பார்த்து அடுக்குங்கள், இரண்டு குத்துப்பாட்டு ஒட்டி வராமல், இரண்டு அழுகைப் பாட்டும் ஒட்டி வராமல்.

அனுப்புவது

ஒரே நாளில் கொட்டக் கூடாது. நாங்கள் டிசம்பர் 22 முதல் 31 வரை, தினம் இரவு ஒன்பது மணிக்கு ஆளுக்கு ஒரு பாட்டு. ஒன்பது பேருக்கு ஒன்பது பாட்டு, அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே, கேட்டுவிடலாம். ஒவ்வொரு பாட்டோடும் இவை இருக்க வேண்டும்: பாட்டின் பெயர், படம், இசை, பாடியவர், எழுதியவர். எழுதியவர் பெயரைத்தான் எல்லோரும் விடுவார்கள், பாட்டு முழுக்க வரியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு எழுதியவரை மறப்பது எனக்கு எப்போதும் எரிச்சல். லிரிக் வீடியோவின் கீழே விவரத்தில் இருக்கும், பத்து வினாடி வேலை. பெயரெல்லாம் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணம், எல்லோரிடமும் ஒரே ஆப் இருக்காது, உங்கள் லிங்க் அவருக்குத் திறக்காது, பெயர் இருந்தால் தேடிக்கொள்வார். யூடியூப் என்றால் இசை நிறுவனத்தின் சேனலில் இருக்கிற வீடியோவையே அனுப்புங்கள். யாரோ ஏற்றி வைத்தது காப்புரிமைப் புகாரில் காணாமல் போய்விடும், அடுத்த வருடம் திறந்தால் கறுப்புக் கட்டம்தான்.

அப்புறம் இரண்டு வரி, இதுதான் முக்கியம். "செம மெலடி, மனசை வருடும்" என்று எழுதினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், அதை எந்தப் பாட்டுக்கும் ஒட்டலாம். நான் முன்னே சொன்ன நோட்டை எடுங்கள். குழுவில் ஒருத்தி போன வருடம் ஒரு பாட்டுக்கு எழுதியது இது: "அப்பாவுக்கு ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டது. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் வரும், அந்த இடத்தில் நர்ஸ் வந்து கூப்பிட்டாங்க." ஒன்பது பேரும் அன்று ராத்திரியே கேட்டோம், அந்த இடம் வந்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரையே அழ வைக்கிற சம்பவம் எல்லாப் பாட்டுக்கும் வேண்டும் என்றில்லை. "1 நிமிடம் 50இல் வருகிற அந்தத் தவிலுக்காக மட்டும்" என்றால்கூடப் போதும், காது அங்கே போய்விடும்.

பதில் போடுவதிலும் ஒரே ஒரு ஒழுங்கு: "இதெல்லாம் ஒரு பாட்டா" தடை. பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இருக்கலாம், காப்பி அடித்த டியூன் என்று தோன்றினாலும் ஜனவரி 1 வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். விவித பாரதியிலும் இலங்கை வானொலியிலும் நேயர் விருப்பத்தில் பாட்டுக்கு முன்னால் கேட்டவர்கள் பெயரை ஊரோடு வாசிப்பார்களே, அதற்காகவே கார்டு எழுதியவர்கள் எத்தனை பேர். பாட்டோடு ஒருவர் பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு அதைத் திட்டினால் அவரைத் திட்டுகிற மாதிரிதான்.

கடைசி நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிளேலிஸ்ட். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் ஒருவர் ஆரம்பித்து மற்றவர்களும் பாட்டு சேர்க்கிற மாதிரி வைக்கலாம். பெயரில் வருடத்தை மறக்காமல் போடுங்கள். தொண்ணூறு பாட்டு என்று கணக்கு வரும், ஆனால் ஒரே பாட்டை நாலு பேர் போட்டிருப்பார்கள், எங்களுக்கு எழுபதைத் தாண்டியதில்லை. ஜனவரி முழுக்க வண்டியில் அதுதான் ஓடும்.

இந்த வருடம் என் பத்து முடிந்துவிட்டது. 23ஆம் தேதி வந்த ஒரு பாட்டு மட்டும் நாலு நாளாகக் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சேர்க்க முடியாது, நான் போட்ட விதிதான். புது நோட்டைத் திறந்து முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன்: மாடியில் துணி காயப் போட்டபோது, எதிர்வீட்டு ரேடியோவில்.