கவுன்சிலரிடம் யூனிட் கணக்கோடு போங்கள்: மும்பை சொசைட்டிகளுக்கு

புவி வெப்பமயமாதல் என்று பொதுவாகப் பேசினால் எந்தத் தலைவரும் தலையாட்டுவார். அவர் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எதுவும் அதில் இல்லையே. மாட்டுங்கா, சயான், செம்பூர் சொசைட்டிகள் (அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள்) வார்டு கவுன்சிலரின் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே கோரிக்கையை, எண்ணும் தேதியும் போட்டுக் கொடுக்க வேண்டும்.

2022 மார்ச்சில் மாநகராட்சி வெளியிட்ட பருவநிலைச் செயல்திட்டத்தின் இலக்கு, 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளியேறும் பசுமை இல்ல வாயு அளவுக்கு உறிஞ்சி ஈடுகட்டுவது. அதன்படி 2019-இல் மும்பையின் உமிழ்வு சுமார் 2.34 கோடி டன். அதில் எரிசக்தி ஏறத்தாழ 72%, போக்குவரத்து 20%, குப்பை 8%. ஆகவே கரன்ட் பில்லில் தொடங்குங்கள்.

லிஃப்ட், பம்பு, படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டரின் 12 மாத பில்களை எடுத்து, ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைக் கூட்டி 0.7-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கில் கார்பன் டை ஆக்சைடு வரும். மாதம் 2,000 யூனிட் என்றால் வருடத்துக்குச் சுமார் 17 டன். இதை ஈடுகட்ட 18 கிலோவாட் சோலார் போதும்: கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழலில்லா மாடி, வருடம் 1,300 யூனிட்டுக்கு மேல். மத்திய அரசின் மாடி சோலார் திட்டமான பி.எம். சூர்ய கரில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, இங்கே 3.24 லட்சம்.

கெடுவது பெரும்பாலும் மாடியில்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதும் உற்பத்தி குறையலாம். வாட்டர்ப்ரூஃபிங்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு தனி. ரீடெவலப்மென்ட் (இடித்துப் புதிதாகக் கட்டுவது) பேச்சு ஓடுகிற கட்டடமா? பேனல் வேண்டாம், எல்.இ.டி. விளக்கோடு நிறுத்துங்கள்.

பேனலுக்கு ஒப்புதல் கேட்கும் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 முழு நாள் முன்னறிவிப்பு தேவை. அந்த இரண்டு வாரமும் லிஃப்டில் ஒரு தாள் ஒட்டுங்கள்: இன்றைய பில், பேனலுக்குப் பிந்தைய பில். தமிழிலும் மராத்தியிலும். பனிக்கரடிப் படத்தைவிட இதைத்தான் நின்று படிப்பார்கள்.

இதுவரை எந்த அரசியல்வாதியும் தேவையில்லை. சொசைட்டி வாசலுக்கு வெளியே உள்ளவற்றுக்குத்தான் கவுன்சிலர்: ஈரக்குப்பைக்குத் தனி வண்டி, மரம், ஸ்டேஷனுக்கு பெஸ்ட் பஸ் (பெஸ்ட் மாநகராட்சியின் நிறுவனம்தான்). மின்கட்டணத்தை அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதை நிர்ணயிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

கடிதம் மராத்தியில், ஒரே பக்கம். உங்கள் 17 டன் கணக்கை இணையுங்கள். தன் பங்கைச் செய்தவர்களைத் தட்டிக்கழிப்பது கடினம். நகலை வார்டு ஆபீஸில் கொடுத்து இன்வர்ட் நம்பர் (வரவுப் பதிவு எண்) வாங்குங்கள். அது இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

ஒரு மாதம் அசைவில்லையென்றால் ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு: 10 ரூபாய், ஒரே விஷயம், மகாராஷ்டிர விதிப்படி 150 சொல்லுக்குள், பதிலுக்கு 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். விளக்கம் தகவலாகாது என்று திருப்பிவிடுவார்கள். இன்வர்ட் நம்பரைக் குறிப்பிட்டு, அந்தக் கடிதத்தின்மேல் எடுத்த நடவடிக்கை, கோப்புக் குறிப்புகளின் நகல், பொறுப்பு அதிகாரியின் பதவி ஆகியவற்றைக் கேளுங்கள்.