பழைய கம்ப்யூட்டரில் கேம் ஓட பார்ட்ஸ் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

"இருபத்தஞ்சாயிரம் இருக்குண்ணே, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்று கேட்டு வரும் பையன்கள் யாரும் கேபினெட்டுக்குள் இருக்கும் மற்றதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான், கார்டு பெயர் மட்டும் மாறியிருக்கிறது. மானிட்டர் கேபிளை கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகுவது போன்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அது ஒரே சாயங்காலத்தில் தானாகத் தெரிந்துவிடும். காசைக் கரைக்கிற தவறுகள் வேறு.

கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்டு தருகிற இந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கடுப்பாகிவிடும். சித்தி பையன் ஒருவன், ஐ5-10400எஃப் போட்ட கம்ப்யூட்டர், அதில் இருந்த ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 மாட்டினான். டெஸ்க்டாப்பில் பிரச்சினை இல்லை, கேம் மெனுவரைக்கும் ஓடும், சண்டை ஆரம்பித்ததும் பொசுக்கென்று அணையும். கார்டுதான் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போனான், அவர்கள் தங்கள் மேஜையில் மாட்டி ஓட்டிக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். விண்டோஸ் மாற்றினான். ரேம் மாற்றினான். அந்த ரேம் காசில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் பாதி விலை தேறியிருக்கும்.

பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் மேல் கொட்டை எழுத்தில் 500 வாட். படிக்க வேண்டியது அதை இல்லை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிற கட்டத்தை: +12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட்டில்தான் பிழைக்கின்றன. 3060 மட்டுமே 170 வாட் கேட்கும், பிராசசர் பெயரளவுக்கு 65, பூஸ்ட் எடுத்தால் அதற்கும் மேலே. 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களைக் கூட்டினாலும் அந்த 500 எங்கிருந்து வந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். நல்ல கம்பெனி 550 வாட் வாங்கினால் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் பக்கம் போட்டிருக்கும், அதாவது 540 வாட். 1650 ஏன் ஒழுங்காக ஓடியது என்றால் அதற்கு மொத்தமே 75 வாட், போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அதோடு போச்சா? கார்டுக்குக் கரண்டு தரும் 8 பின் கேபிள் இல்லாததால், பழைய நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து கரண்டு எடுக்கக் கடையில் கொடுத்த கன்வெர்ட்டரில் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை கனெக்டரில் மஞ்சள் ஒயர் நுழையும் இடம் மட்டும் டீக்கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. அது உருகினால் போவது எஸ்எம்பிஎஸ் மட்டும் இல்லை, போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

25,000 இருந்தால் 21,000-க்கு கார்டு பாருங்கள், நாலாயிரத்தை இதற்கு ஒதுக்குங்கள். 80 பிளஸ் முத்திரை கரண்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்குத்தான், அது ஒன்றே போதாது, ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே வேண்டாம். ஐந்து வருட வாரண்டி தருகிற மாடலாக எடுங்கள். அப்புறம், வீட்டில் இருக்கிற 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேம் நடுவே கரண்டு போய் கம்ப்யூட்டர் அணைந்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

கார்டா பிராசசரா என்று பார்க்காமல் வாங்குவது

கேமில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பது, ஏறவே இல்லையென்றால் திணறுவது பிராசசர், எந்த கார்டு போட்டாலும் அதே எஃப்பிஎஸ்தான். வாலரண்ட் மட்டுமே ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

ஒற்றை ரேம்

8 ஜிபி ஒன்று இருக்கிறதா, அதே மாதிரி இன்னொன்று போடுங்கள்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் மலிவான கார்டு

2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நீளமான ஸ்லாட்டில்தான் உட்காரும், ஆனால் உள்ளே டேட்டா போய்வர நாலு லேன் மட்டும்தான். ஸ்லாட் வேகமான பிசிஐஇ 4.0 வகையாக இருக்கிற போர்டில் சமாளிக்கும். பழைய 3.0 போர்டில், அதாவது இதை வாங்க நினைக்கிற முக்கால்வாசிப் பேர் வைத்திருக்கிற போர்டில், கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் எஃப்பிஎஸ் தடதடவென்று விழும். யாருக்காக இதைச் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஆர்ஜிபி ஃபேன்

எல்லாம் வாங்கிக் காசு மிஞ்சினால்.

பயாஸ் அப்டேட் செய்யாமல் பிராசசரை மாற்றுவது

ஏஎம்டி பிராசசருக்கான பழைய பி450 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ரைசன் 5 5600 பிராசசர்தான் கைக்கு அடக்கமான அப்கிரேட். ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போனால் போர்டு, டிடிஆர்5 ரேம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டிவரும். ஆனால் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டை எழுப்பிவிடுகிற உள் சாஃப்ட்வேரை, அப்டேட் செய்துவிட வேண்டும். அதைச் செய்யாமல் புதியதை மாட்டி, டிஸ்ப்ளே வரவில்லை, போர்டு செத்துவிட்டது என்று இன்னொரு போர்டு விலை கேட்கப் போனவனை எனக்குத் தெரியும். அவனுடைய பழைய பிராசசரை அதற்கு முந்தின நாள்தான் வேறு ஒருவனுக்கு விற்றிருந்தான். புதியதில் டிஸ்ப்ளே வந்து, ஒரு கேமாவது ஓடும்வரை பழையதை விற்காதீர்கள்.