சாம்பல் நிறத்துக்கு ஒரு வழக்கு: அச்சுக் காப்புரிமையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டரிடம் சாம்பல் மை கிடையாது. ஓரிடத்தில் மை விழும், அல்லது விழாது. புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் போட்டுத்தான் அது நம் கண்ணுக்குச் சாம்பலைக் காட்டுகிறது. இதுதான் ஹாஃப்டோன். எந்தப் பிக்சலில் மை விழ வேண்டும் என்று முடிவெடுக்கும் கணக்கின் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறியதாக ரிசர்ச் கார்ப்பரேஷன் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது அமெரிக்காவின் அரிசோனாவில் வழக்குப் போட்டு, அது பல ஆண்டுகள் இழுத்தது.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தெயோஃபனோ மிட்ஸாவும் கெவின் பார்க்கரும் 1990 டிசம்பரில் விண்ணப்பித்த 'ப்ளூ நாய்ஸ் மாஸ்க்' முறைதான் இதற்கு அடிப்படை. 'ப்ளூ நாய்ஸ்' என்றால், புள்ளிகள் கொத்துக் கொத்தாகச் சேராமல் சீராகச் சிதறும் அமைப்பு. மாஸ்க் என்பது எண்கள் நிரம்பிய ஒரு கட்டம். கறுப்பு 0, வெள்ளை 255 என்று வைத்துக்கொள்வோம். படத்தில் ஒரு பிக்சல் 100; மாஸ்க்கில் அதே இடத்தில் 140 இருந்தால் மை விழும், 60 இருந்தால் தாள் வெள்ளையாகவே இருக்கும். ஒப்பீடு அவ்வளவுதான். வித்தை முழுவதும் அந்த எண்களை அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

"இது வெறும் கணக்கு, கணக்குக்கு ஏது காப்புரிமை?" என்று ஒதுக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கீழ் நீதிமன்றமும் சில கோரிக்கைகளை, அதாவது 'இதெல்லாம் எனக்குச் சொந்தம்' என்று காப்புரிமையில் எண்ணிட்டு எழுதும் வாசகங்களை, அப்படித்தான் தள்ளியது. 2010 டிசம்பரில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஏற்கெனவே 2008-லும், கண்டுபிடித்தவர்கள் காப்புரிமை அலுவலகத்திடம் தகவலை மறைத்தார்கள் என்ற கீழ் நீதிமன்றத்தின் முடிவை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆகவே முதல் தீர்ப்பைப் படித்த கையோடு முடிவு கட்டாதீர்கள்.

அதற்காக, படம் சம்பந்தப்பட்ட கணக்கு எல்லாமே தப்பிவிடும் என்று நினைப்பதும் தவறுதான். 2014-இல் டிஜிடெக் வழக்கில், கருவிகளின் நிறத் தன்மையை விவரிக்கும் 'டிவைஸ் புரொஃபைல்' வெறும் தரவுத் தொகுப்பு என்று சொல்லி அதே நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது.

என்னைக் கேட்டால், மிகவும் விலை கொடுக்க வைக்கும் தவறு தேதியில் இருக்கிறது. ஒரே விண்ணப்பத்திலிருந்து கிளைத்த காப்புரிமைகளுக்கெல்லாம் முதல் தேதி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். 1990 விண்ணப்பம் பேசியது ப்ளூ நாய்ஸ் மாஸ்க்கைப் பற்றி. பின்னால் வந்த ஒரு காப்புரிமையில் சில கோரிக்கைகள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, பொதுவாக எல்லா மாஸ்க்கையும் வளைத்துப் போடப் பார்த்தன. அவற்றுக்கு 1990 தேதி கிடையாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். தேதி தள்ளிப்போனால், இடைப்பட்ட காலத்தில் மற்றவர்கள் வெளியிட்டதெல்லாம் உங்களுக்கு எதிராக எழுந்து நிற்கும். வேலியை அகலப்படுத்தப் போய் பட்டாவை இழந்த கதை.

அப்புறம், தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு 'மீறல்' என்று சொல்வது. கோரிக்கையைத்தான் வரி வரியாகப் படிக்க வேண்டும். 1990 விண்ணப்பத்துக்குக் கிடைத்த காப்புரிமையின் முதல் கோரிக்கையில் 'பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவது', 'எந்தச் சாம்பல் அளவிலும்' என்று நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்தக் கோரிக்கை நேரடியாக உங்களைத் தொடாது. ஒரு புள்ளியின் சாம்பலைக் கறுப்பு அல்லது வெள்ளையாக்கும்போது மிஞ்சும் பிழையைப் பக்கத்துப் புள்ளிகளுக்குக் கடத்தும் ஃப்ளாய்ட்-ஸ்டைன்பெர்க் முறை 1976-லேயே வந்துவிட்டது; அதில் இப்படிப்பட்ட மாஸ்க்கே இல்லை.

இந்த அமெரிக்கத் தீர்ப்பை வைத்துக்கொண்டு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் வாதாடலாம் என்றும் எண்ண வேண்டாம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே) கணித முறையையும், கணினி நிரலை நிரல் என்ற அளவிலும் நேராகவே விலக்குகிறது. உங்கள் முறை பிரிண்டரில் என்ன தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.