ராமநாதபுரம் கடற்கரையில் தொழிலுக்குத் தண்ணீர் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்துபவருக்கும், மண்டபத்தில் மீன் பதனிடும் கூடம் வைத்திருப்பவருக்கும், கீழக்கரையில் உணவகம் திறந்திருப்பவருக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு. அது விலைக்கு வாங்கும் தண்ணீர். லாரிக்காரர்களும் கேன் போடுபவர்களும் பெருகிவிட்ட நிலையில், நான்கைந்து பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம் வாங்கத் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. ஒரு நடைக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள், அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றில் ஏற்றப்படுகிறது என்று கேட்பதில்லை. மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

இக்கடற்கரையின் மணற்பாங்கான இடங்களில் நல்ல தண்ணீர் என்பது, அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல், எடை குறைவு என்பதனால் மிதந்து நிற்கும் ஒரு படலம்தான். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. அதன்படி, இறைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து 20 அடி மேலேறிவிடும். ஆகவே, தம்முடைய ஆழ்துளைக் கிணறு முந்நூறு அடி என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், இந்த மணலில் அதைத் தகுதியாகக் கொள்ளாமல் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பரிலோ ஜனவரியிலோ ஒரு குவளை குடித்துப் பார்த்து ஆண்டு முழுமைக்கும் பேசி முடிப்பதும் இதே காரணத்தால் தவறாகிறது. அதே கிணறு மே மாதத்தில் வேறு தண்ணீரைத் தரும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; அதை வாங்கி வைத்து, ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் அளந்து, அந்த எண்ணை ரசீதின் பின்புறம் குறித்து வைப்பது நல்லது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதை விரும்பத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை ஏற்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது.

ஆனால், மீட்டர் குறைந்த எண்ணைக் காட்டிவிட்டது என்று நிம்மதி அடைவது மேலும் ஆபத்தான தவறு. அது உப்பைத்தான் அளக்கும், கிருமியை அறியாது. மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணற்று நீர் சுவையில் இனிக்கும். பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி இருந்தால் நோயையும் சேர்த்தே கொடுக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில், விற்பவர் கொண்டுவரும் பழைய அறிக்கையை நம்பாமல், உங்கள் தொட்டியில் இறங்கிய தண்ணீரையே கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

அளவில் ஏமாறுவோர் தரத்தில் ஏமாறுவோரைவிடக் குறைவல்லர். 12,000 லிட்டர் என்று லாரியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுப்பதை விட, தொட்டியில் அடிக்கோல் வைத்துப் பார்ப்பது எளிது. பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள தரைத்தொட்டியில் ஓர் அடி உயரத்துக்கு ஏறத்தாழ 2,265 லிட்டர் கொள்ளும்; முழு லோடு இறங்கினால் மட்டம் ஐந்தேகால் அடிக்குச் சற்றே மேல் உயர வேண்டும். அரை அடி குறைந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் போய்விட்டது என்று பொருள்.

இதுவே காவிரித் தண்ணீர் என்று சொல்லி விற்பவரும் உண்டு. காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் திருச்சிப் பக்கத்திலிருந்து இந்த மாவட்டத்து ஊர்களின் குடிநீருக்காகக் கொண்டுவரப்பட்டது. அந்தக் குழாயில் முறையின்றிப் பிடித்து விற்பவரை நம்பினால், என்றைக்கு இணைப்பு துண்டிக்கப்படுகிறதோ அன்றைக்கு உங்கள் தொழிலும் நின்றுபோகும். நியாயமும் அவர் பக்கம் இல்லை, குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் பக்கம்தான் இருக்கிறது.

கேன் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் தேடுவது போதாது. அடைக்கப்பட்ட குடிநீருக்கு அந்தச் சான்று கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே தண்ணீரை வாங்குவது வீண்செலவு. கழிப்பறைக்கும் தரை கழுவவும் சவர்த் தண்ணீர் போதும். தேநீருக்கும் சமையலுக்கும் மீனைத் தொடும் ஐஸுக்கும் குடிக்கத்தக்க நீர்தான் வேண்டும். விடுதியின் வெந்நீர்க் கருவியில் உப்பு படிந்து ஆண்டுதோறும் கம்பிச்சுருள் மாற்றுகிறவர்கள், அந்தச் செலவையும் மலிவு லாரியின் கணக்கில் எழுதிப் பார்க்கலாம்.

போட்டி மிகுந்த சந்தையில் முதல் மாதம் விலையைக் குறைத்து வாடிக்கையைப் பிடிப்பவர், ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் யாத்ரிகர்கள் வந்து நிறையும்போது அதை ஈடுகட்டிக்கொள்வார். வாய்ப்பேச்சாக விடாமல், அந்நாட்களில் என்ன விலைக்கு எத்தனை நடை கட்டாயம் வரும் என்பதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் தர வேண்டும். எவ்வளவு நம்பகமானவர் கிடைத்தாலும் இரண்டாவது ஆள் ஒருவரிடம் மாதம் ஒரு நடையாவது வாங்கிவருவது நல்லது. தீவில் தொழில் செய்பவர்களுக்கு அந்த இரண்டாமவர் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவுக்குள்ளேயே தண்ணீர் ஏற்றுபவராக இருக்க வேண்டும். புயல் காற்றில் பாலத்துப் போக்குவரத்து நிறுத்தப்படும் நாளில் மண்டபத்து லாரி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வந்து சேராது.