பழைய ஏசியில் வெந்நீர்: வீட்டு ஹீட் பம்ப்பில் நேரும் தவறுகள்

பழைய ஒரு டன் ஜன்னல் ஏசியின் கன்டென்சரை (வாயு வெப்பத்தை வெளிவிட்டுத் திரவமாகும் பகுதி) நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் செப்புக் காயிலை இணைத்து வெந்நீர் போடுவது நடக்கக்கூடிய காரியம்தான். 100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ மூன்றரை யூனிட் வெப்பம் தேவை. கெய்சர் அத்தனையையும் மின்சாரமாக இழுக்கும், காற்றிலுள்ள வெப்பத்தை நீருக்கு மாற்றும் இத்தகைய ஹீட் பம்ப் ஒழுங்காக அமைந்தால், அதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பெரும்பாலான தவறுகளுக்கு மூலம் ஒன்றே. ஏசியின் கன்டென்சர் மீது வீசும் காற்றின் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை; தொட்டி நீரோ நிமிடத்துக்கு நிமிடம் சூடேறுகிறது. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 என்ற குளிர்பதன வாயு 35 டிகிரியில் திரவமாகும்போது 180 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவில் இருக்கும் அழுத்தம், 60 டிகிரியில் சுமார் 340-ஐத் தொடுகிறது. ஆகவே முதல் பத்து நிமிடம் சீராக ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்யாமல், நீர் மிகவும் சூடாக இருக்கும் கடைசிப் பத்து நிமிடத்துக்கே வடிவமைக்க வேண்டும். செலவுக்குப் பயந்து காயிலின் நீளத்தைக் குறைத்தால், நீர் 55-ல் இருக்கும்போது வாயு 70 டிகிரி வரை ஏறவேண்டியிருக்கும். கம்ப்ரஸர் அதைத் தாங்காது. ஆர்-410ஏ என்ற வேறு வாயு உள்ள இயந்திரத்தில் 60 டிகிரியிலேயே அழுத்தம் 540-ஐத் தொடும் என்பதால், அதை இதற்கு எடுக்காமல் இருப்பதே நல்லது.

கட்டுப்பாட்டில் வெப்பநிலை சென்சார் வைக்கும் இடம் முக்கியம். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் அதைத் தொட்டியின் வெளிப்புறத்தில் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். குழாயில் கைவைக்க முடியாத சூட்டில் நீர் வந்துகொண்டிருக்க, திரை 41 டிகிரி காட்டியது. தொட்டிக்குள் நீளும், முனை அடைத்த செப்புக் குழாய்க்குள், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சென்சார் இருக்க வேண்டும். அது தவறினாலும் காப்பாற்ற, கையால் மீட்டமைக்கும் உயர் அழுத்த கட்-அவுட் (அழுத்தம் மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்ச்) தனியாக வேண்டும். மென்பொருளை மட்டும் நம்பக் கூடாது. மின்சாரம் போய் உடனே வந்தால், கம்ப்ரஸரின் இருபுற அழுத்தமும் சமமாகும் முன்பே அது கிளம்பப் பார்த்துத் திணறும். ஐந்து நிமிடத் தாமத ரிலே இதைத் தடுக்கும்.

ஒற்றைச் சுவர்க் காயிலில் ஓட்டை விழுந்தால் கம்ப்ரஸர் ஆயில் நீரில் கலக்கும். சமையலுக்கு எடுக்கும் நீரென்றால் இரட்டைச் சுவர்க் காயிலைத் தவிர வேறு வழியில்லை. தொட்டியில் பாதுகாப்பு வால்வும் கட்டாயம். பழைய கன்டென்சரைக் கழற்றும்போது வாயுவை வெளியே திறந்துவிடாமல், குளிர்பதன மெக்கானிக்கைக் கொண்டு மீட்டெடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் கேஜை மாட்டி, நீர் ஐந்து டிகிரி ஏறும்போதெல்லாம் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே 55 வரை கூடவே இருங்கள்.